வீட்டில் பிஸ்கட் சுட எந்த ட்ரே வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவைச் சரியாகப் பிசைந்து, அடுப்பை முன்கூட்டியே சூடாக்கி, நேரமும் பார்த்து எடுத்த பிஸ்கட் அடியில் கருகி நடுவில் வேகாமல் வந்தால், எல்லாரும் செய்முறையைத்தான் திட்டுகிறார்கள். பல நேரம் குற்றம் ட்ரேயில் இருக்கும். கீழே உள்ள பதில்கள் 20 முதல் 40 லிட்டர் வரையிலான வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பை (ஓவன்-டோஸ்டர்-கிரில், மேலும் கீழும் கம்பி கனன்று சூடாக்கும் மின்னடுப்பு) மனதில் வைத்து எழுதியவை. மைக்ரோவேவ் கன்வெக்‌ஷனில் சுடுபவர்களுக்கும் குக்கரில் சுடுபவர்களுக்கும் பின்னால் தனிக் கேள்விகள் உண்டு.

குக்கீ ஷீட் என்பதும் பேக்கிங் ட்ரே என்பதும் ஒன்றுதானா?

கடையில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். அசல் குக்கீ ஷீட்டுக்கு விளிம்பு கிடையாது. வெறும் தட்டையான தகடு, பிடித்து இழுக்க ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ மட்டும் லேசாக மடிந்திருக்கும். சுட்டதும் பேப்பரோடு அப்படியே கம்பி வலைக்கு நகர்த்திவிடலாம். சூடான காற்றும் பிஸ்கட்டின் மேல் தடையில்லாமல் போகும்.

நான்கு பக்கமும் இரண்டு, இரண்டரை செ.மீ. உயரத்துக்கு விளிம்பு இருந்தால் அது ஷீட் பான். நம் ஊரில் பேக்கிங் ட்ரே என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் கொடுப்பார்கள். ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் விளிம்புள்ளதையே வாங்குங்கள். வேர்க்கடலை வறுக்கலாம், காய்கறி சுடலாம், வெண்ணெய் உருகி வழிந்தாலும் கீழே கம்பியில் சொட்டிப் புகையாது. விளிம்பு மடிந்திருப்பதால் தகடும் எளிதில் வளையாது. ஆனால் விளிம்பு 3 செ.மீ.க்கு மேல் போனால் அது பிஸ்கட்டுக்கு ஆகாது; உயரமான சுவர் ஓரத்து வரிசையை மறைத்துக்கொள்வதால் அங்கே மேல்பக்கம் நிறம் ஏறாது. கேக் டின்னில் பிஸ்கட் சுட்டால் வெளிறிப்போவது இதனால்தான்.

ஓ.டி.ஜி.யோடு வந்த ட்ரே போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கூடவே வரும் ட்ரே பொதுவாக மெல்லிய தகடு, கருப்பு எனாமல் பூச்சு, அடுப்பின் முழு அகலத்துக்கும் இருக்கும். மூன்றுமே பிஸ்கட்டுக்குப் பாதகம். முழு அகல ட்ரே அடுப்பை மேல் அறை, கீழ் அறை என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. கீழ்க் கம்பியின் சூடு மேலே ஏற வழியில்லாமல் ட்ரேயின் அடியிலேயே முட்டி நிற்கும். மேல் அறையில் இருக்கும் சூடு குறைவு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரி எந்த அறையில் மாட்டிக்கொண்டதோ அந்த அறையின் சூட்டை வைத்துத்தான் கம்பி எரிவதும் அணைவதும் நடக்கும். நீங்கள் 170 டிகிரி வைத்திருப்பீர்கள். ட்ரேயின் அடி அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் காய்ந்துகொண்டிருக்கும்.

அதைத் தூக்கிப் போட வேண்டாம். கம்பி வலையில் எதையாவது சுடும்போது சொட்டுவதைத் தாங்க உதவும்.

என் அடுப்புக்கு எந்த அளவு சரி?

லிட்டர் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே 30 லிட்டர் அடுப்பு ஒரு கம்பெனியில் அகலமாகவும் இன்னொன்றில் உயரமாகவும் இருக்கும். டேப்பை எடுத்து உள்பக்கம் இடம்-வலம், முன்-பின் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். முன்-பின் அளவைக் கதவின் உள்கண்ணாடி வரை எடுக்க வேண்டும். சில அடுப்புகளில் கண்ணாடி ஒரு செ.மீ. உள்ளே தள்ளி இருக்கும். பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டரை செ.மீ. கழியுங்கள். உள் அகலம் 36, ஆழம் 31 என்றால் 31-க்கு 26 செ.மீ.க்குள் அடங்கும் ட்ரே.

ட்ரேயின் மேல் விளிம்போடு சேர்த்து அளக்க வேண்டும். பெட்டியில் போட்டிருப்பது சில நேரம் உள் அளவு. விளிம்பும் கைப்பிடியும் சேர்ந்தால் இன்னும் மூன்று நான்கு செ.மீ. கூடிவிடும்.

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் ‘ஹாஃப் ஷீட்’ 46-க்கு 33 செ.மீ. நம் வீட்டு மேடையில் வைக்கும் அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குள் அது நுழையாது. ‘குவார்ட்டர் ஷீட்’ 33-க்கு 24 செ.மீ.; உள் அகலம் 38 செ.மீ. இருந்தால் இது அருமையாகப் பொருந்தும். 20-25 கிராம் உருண்டையாக மூன்றுக்கு நான்கு வரிசையில் 12 பிஸ்கட் பிடிக்கும். 20 லிட்டர் அடுப்பு என்றால் இன்னும் சிறிய ட்ரே, ஒரு ஈட்டுக்கு ஆறோ எட்டோதான். அவசரப்பட்டுப் பெரிய ட்ரேயைத் திணிப்பதை விட இரண்டு ஈடு சுடுவது மேல்.

எந்த உலோகம் நல்லது?

பூச்சில்லாத அலுமினியம், வெளிர் நிறம், 1 மி.மீ. தடிமன். ஓ.டி.ஜி.க்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது எங்கள் முடிவு.

காரணம் சூடு பரவும் விதம். அலுமினியம் சாதாரண இரும்புத் தகட்டை விட மூன்று நான்கு மடங்கு வேகமாகவும், எவர்சில்வரை விடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகவும் சூட்டைக் கடத்தும். ஓ.டி.ஜி.யில் இது ரொம்ப முக்கியம். ட்ரேக்கு ஒரு சாண் தூரத்தில் இரண்டு கம்பிகள் கனன்றுகொண்டிருக்கின்றன. கம்பிக்கு நேர் மேலே உள்ள பகுதிக்குச் சூடு அதிகம், நடுவில் குறைவு. அலுமினியம் அந்த ஏற்றத்தாழ்வைத் தனக்குள்ளேயே பகிர்ந்து சமப்படுத்திவிடும். எவர்சில்வர் அப்படிச் செய்யாது. கம்பி எங்கே ஓடுகிறது என்பதைப் பிஸ்கட்டின் அடியில் கோடு போட்டே காட்டிவிடும்.

அலுமினைஸ்டு ஸ்டீல் என்று ஒன்று உண்டு. உள்ளே இரும்பு, மேலே அலுமினியப் பூச்சு. நன்றாக உறுதியாக இருக்கும், வளையாது, பிஸ்கட்டும் ஓரளவு சீராகவே வேகும். கத்தி வைத்துக் கீறினால் அந்த இடத்தில் துரு பிடிக்கும் என்பது மட்டும்தான் குறை. கண்ணாடித் தட்டு பிஸ்கட்டுக்கு வேண்டாம். மெதுவாகச் சூடேறி, வெளியே எடுத்த பிறகும் சூட்டை விடாமல் அடியைக் கருக்கும்.

அலுமினியம் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?

புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பான ஈரப் பண்டத்தை அலுமினியத்தில் நெடுநேரம் கொதிக்க வைத்தால் உலோகம் ஓரளவு உணவில் இறங்கும். பிஸ்கட் மாவில் அவ்வளவு புளிப்பும் இல்லை, ஈரமும் இல்லை, ட்ரேயில் இருப்பதும் கால் மணி நேரம்தான். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் பேப்பர் விரித்துச் சுடுங்கள். மாவு உலோகத்தைத் தொடாது. அனோடைஸ் செய்த, அதாவது மேலே கடினமான ஆக்ஸைடு படலம் ஏற்றிய, அலுமினிய ட்ரேயும் வினைபுரியாது. ஆனால் அடர் சாம்பல் நிறத்தில் இருக்கும் ஹார்ட் அனோடைஸ்டு வகை சூட்டை அதிகம் உறிஞ்சும் என்பதை நினைவில் வையுங்கள்.

தடிமனைக் கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் எவ்வளவு என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பது முதல் குழப்பம். அமெரிக்கக் கணக்கில் 18 கேஜ் அலுமினியம் சுமார் 1 மி.மீ.; தகடு வியாபாரத்தில் புழங்கும் பிரிட்டிஷ் கணக்கில் அதே 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ. என்பது இரண்டாவது. மி.மீ. எவ்வளவு என்றே கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் கையில் ஒரு காந்தமும், கடையில் ஒரு தராசும் போதும்.

முதலில் காந்தத்தை ட்ரேயின் அடிப்பாகத்தில், நடுவில் வையுங்கள். விளிம்பில் வைக்காதீர்கள்; நல்ல அலுமினிய ட்ரேக்களில் விளிம்புக்குள் இரும்புக் கம்பியைச் சுருட்டி வைத்திருப்பார்கள், அது ஒட்டி ஏமாற்றும். நடுவில் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது நல்ல எவர்சில்வர். இவை இரண்டையும் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

அடுத்து எடை. 33-க்கு 24 செ.மீ. அளவில், இரண்டரை செ.மீ. விளிம்போடு, 1 மி.மீ. அலுமினிய ட்ரே ஏறக்குறைய 300 கிராம் இருக்கும். 200 கிராமுக்குக் கீழே போனால் மெல்லிசு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அதே அளவில் வெறும் 0.4 மி.மீ. இரும்புத் தகட்டு ட்ரேயும் 330, 340 கிராம் வரும். கையில் எடுத்தால் ‘நல்ல கனமாக இருக்கிறதே’ என்று தோன்றும். அடுப்பில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளியும். அதனால் காந்தம் முதலில், தராசு பிறகு. இரும்பு ட்ரே என்றால் அதே அளவுக்கு அரைக் கிலோவாவது இருக்க வேண்டும்.

கடைசியாக, எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் துணி பிழிவது போல லேசாக முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுக்கிக்கொண்டு ‘டப்’ என்று திரும்பினால் வாங்காதீர்கள்.

கருப்பு நான்ஸ்டிக் ட்ரே எப்படி? ஒட்டாது, கழுவவும் சுலபமாயிற்றே?

ஒட்டாது என்பது உண்மை. ஆனால் பிஸ்கட்டில் வெண்ணெயோ நெய்யோ ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. பேப்பரும் விரித்துவிட்டால் எந்த ட்ரேயிலும் ஒட்டப் போவதில்லை. ஒட்டாமை என்ற ஒன்றுக்காக நீங்கள் கொடுக்கும் விலை கருப்பு நிறம். கனலும் கம்பியிலிருந்து வரும் வெப்பக் கதிரைப் பளபளக்கும் அலுமினியம் பெரும்பகுதி திருப்பி அனுப்பிவிடும். கருப்புப் பூச்சு அப்படியே விழுங்கும். மேல்பக்கம் பொன்னிறம் வருவதற்குள் அடி காப்பி நிறமாகிவிடும்.

கையில் இருப்பது கருப்பு ட்ரேதான் என்றால் குறிப்பில் சொன்னதை விட 15 டிகிரி குறைத்து வையுங்கள், சொன்ன நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள், ட்ரேயை அடுப்பில் ஒரு அடுக்கு மேலே தள்ளி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. டெஃப்ளான் வகைப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். பிஸ்கட்டுக்கு 160-180 தானே என்று நினைக்கலாம். காலி ட்ரேயைக் கீழ்க் கம்பிக்கு மிக அருகில் வைத்து முன்சூடாக்கினால் ட்ரேயின் சூடு குமிழ் காட்டும் எண்ணைத் தாண்டிப் போகும். வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள். அந்தப் புகை பறவைகளுக்கு உயிர்க்கொல்லி. நான்ஸ்டிக் ட்ரேயைக் காலியாகச் சூடாக்கவே கூடாது, அதன் மேல் கத்தி போடவும் கூடாது.

வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் சுடலாமா?

அவசரத்துக்கு ஒரு ஈடு சுடலாம். நடுவில் வெளிறியும் ஓரத்தில் சிவந்தும் வரும். இரண்டு தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பேப்பர் விரித்தால் கொஞ்சம் தேவலாம்.

அடியில் இரட்டைத் தகடு, நடுவில் காற்று இருக்கும் ட்ரே பற்றிக் கேள்விப்பட்டேன்?

அடி நிறமே ஏறாமல் மெத்தென்ற குக்கீ வேண்டுபவர்களுக்காக வந்தது. நம்முடைய நெய் பிஸ்கட்டும் உப்பு பிஸ்கட்டும் மொறுமொறுவென்று உதிர வேண்டியவை. அவற்றுக்கு இது சரிப்படாது, நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். தண்ணீரில் முக்கிக் கழுவினால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் நீர் புகுந்துவிடும் என்ற தொல்லை வேறு. அடி கருகுவதுதான் பிரச்சினை என்றால், இருக்கும் ட்ரேயின் அடியில் அதே அளவில் இன்னொரு ட்ரேயைச் சொருகுங்கள். செலவில்லாமல் அதே பலன்.

சுடும்போது ட்ரே ‘டங்’ என்று சத்தம் போட்டு நெளிகிறது. ஏன்?

உலோகம் சூட்டில் விரியும். 33 செ.மீ. நீள அலுமினியம் 150 டிகிரி சூடேறும்போது ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். முழுத் தகடும் ஒன்றாக நீண்டால் பாதகமில்லை. ஒரு பக்கம் சில்லென்ற மாவு, மறுபக்கம் காலி என்றால் ஒரு பகுதி நீள, மறுபகுதி அதைப் பிடித்து இழுக்கும். தாங்க முடியாமல் தகடு ஒரு மூலையைத் தூக்கிக்கொள்ளும். அதுதான் அந்தச் சத்தம். மெல்லிய ட்ரேயில் இது அடிக்கடி நடக்கும்.

சத்தத்தோடு போனால் பரவாயில்லை. உருண்டைகள் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முட்டை வெள்ளைக்கரு கலவை என்றால் ஒரு பக்கமாக வழியும். ட்ரே முழுவதும் சமமாக மாவை வையுங்கள். கடைசி ஈட்டில் நான்கே உருண்டைதான் மிச்சம் என்றால் ஒரு மூலையில் ஒதுக்காமல் பரப்பி வையுங்கள். சூடான ட்ரேயை ஈரமான கிரானைட் மேடையில் வைக்காதீர்கள், குழாயடியில் காட்டாதீர்கள்.

ஆறிய பிறகு மேடையில் வைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் வளைவு நிரந்தரமாகிவிட்டது. தட்டி நிமிர்த்தினாலும் அடுத்த சூட்டில் திரும்ப வளையும்.

பட்டர் பேப்பர், சிலிகான் மேட், வெண்ணெய் தடவுவது: எது?

பேப்பர்தான். ஆனால் எந்தப் பேப்பர் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் கடைகளில் பட்டர் பேப்பர் என்ற ஒரே பெயரில் மூன்று வகை விற்கிறது. சிலிகான் பூசிய பேக்கிங் பேப்பர், பூச்சில்லாத எண்ணெய் தாங்கும் தாள், மெழுகுத் தாள். முதலாவது மட்டும்தான் அடுப்புக்கு. இரண்டாவது பிஸ்கட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு உரிய மறுக்கும். மூன்றாவது உருகிப் புகையும்.

சோதிப்பது எளிது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சிலிகான் பேப்பரில் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடும், செல்லோடேப் ஒட்டினால் பிடிக்காமல் வந்துவிடும். நகத்தால் கீறும்போது வெள்ளைக் கோடு விழுந்தால் அது மெழுகு.

பேப்பரை ட்ரேயின் அடி அளவுக்கே வெட்டுங்கள். தொங்கும் ஓரம் ஓ.டி.ஜி. கம்பியைத் தொட்டால் தீப்பிடிக்கும். ஃபேன் ஓடும் அடுப்பில் பேப்பர் எழும்பி மடியும். நான்கு மூலையிலும் ஒரு பொட்டு மாவை வைத்து ஒட்டிவிடுங்கள். ஒரே பேப்பரை மூன்று நான்கு ஈடு பயன்படுத்தலாம். பழுப்பாகி மொடமொடத்தால் மாற்றுங்கள்.

சிலிகான் மேட் பல நூறு முறை வரும், ஆனால் அது சூட்டைத் தடுக்கும் பொருள். அடி வெளிறும், மாவும் கூடுதலாகப் பரவும். உள்ளே கண்ணாடியிழை வலை இருப்பதால் ட்ரே அளவுக்குக் கத்தரியால் வெட்டக் கூடாது. இழை வெளியே வரும். ட்ரேக்குப் பொருந்தும் அளவிலேயே வாங்குங்கள்.

ட்ரேயில் வெண்ணெய் தடவுவதைப் பிஸ்கட்டுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வழுக்கும் தரையில் மாவு கால் ஊன்ற முடியாமல் பரவி, ஓரம் மெலிந்து கருகும். பிஸ்கட் இல்லாத இடத்தில் தடவிய வெண்ணெய் காய்ந்து பிசின் போலக் கெட்டிப்பட்டு, தேய்த்தாலும் போகாத பழுப்புக் கறையாகும்.

பிஸ்கட் கெட்டுப்போனதற்குக் காரணம் ட்ரேயா, அடுப்பா, மாவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிஸ்கட்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

நன்றாக வெந்த வெண்ணெய் பிஸ்கட்டின் அடி, ஓரத்திலிருந்து நடு வரை ஒரே மாதிரி இளம் பழுப்பாக, பொடிப் பொடித் துளைகளோடு, உலர்ந்து இருக்கும். விரலால் தட்டினால் ஓசை வரும். அடி முழுவதும் ஒரே சீராகக் கரும்பழுப்பு, மேலே வெளிறல் என்றால் ட்ரே கருப்பாக இருக்கிறது அல்லது கீழ்க் கம்பிக்கு மிக அருகில் இருக்கிறது. விளிம்பில் மட்டும் கருப்பு வளையம், நடுவில் ஈரமான வெளிர் வட்டம் என்றால் தகடு மெல்லிசு அல்லது சூடு அதிகம். ட்ரேயின் குறுக்கே ஒரு வரிசை முழுக்கக் கருகி, அடுத்த வரிசை நன்றாக இருந்தால் அது கம்பியின் தடம். அடி மினுமினுவென்று எண்ணெய்ப் பசையோடு, ஓரம் வலைபோல மெலிந்து பரவியிருந்தால் வெண்ணெய் முன்கூட்டியே உருகிவிட்டது: சூடான ட்ரேயில் மாவு வைத்தீர்கள், அல்லது மாவு குளிரவில்லை. பின்பக்க வரிசை மட்டும் சிவந்தால் ட்ரே பின்சுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுப்பின் குணத்தைத் தனியாகத் தெரிந்துகொள்ள சாண்ட்விச் ரொட்டித் துண்டுகளை ட்ரே முழுவதும் இடைவெளி இல்லாமல் அடுக்கி, 180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் சுட்டுப் பாருங்கள். மேலும் கீழும் எங்கெங்கே சிவக்கிறது என்பது வரைபடம் மாதிரி தெரியும். அதன்பின் ட்ரேயை எந்தப் பக்கம் தள்ள வேண்டும், பாதியில் திருப்ப வேண்டுமா என்று நீங்களே சொல்வீர்கள். அடுப்புக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். குமிழில் இருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம்.

முதல் ஈடு நன்றாக வந்தது. இரண்டாவது ஈடு தோசை மாதிரி பரவிவிட்டதே?

சூடான ட்ரேயில் வைத்திருப்பீர்கள். வெண்ணெய் 32-35 டிகிரியில் உருகிவிடும். கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் ட்ரேகூட அதைவிடச் சூடுதான். மாவும் சர்க்கரையும் வெந்து இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் ஓடிவிட்டால் பிஸ்கட்டுக்கு உருவம் எங்கிருந்து வரும்?

ட்ரேயை முழுக்க ஆறவிடுங்கள். 1 மி.மீ. அலுமினியம் ஃபேன் காற்றில் சீக்கிரமே ஆறிவிடும். சித்திரை, வைகாசியில் சமையலறையே 35 டிகிரியைத் தொடும். அப்போது உருண்டைகளை ட்ரேயோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து நேராக அடுப்புக்குக் கொண்டுபோங்கள். 1 மி.மீ. ட்ரே இந்தக் குளிர்-சூடு மாற்றத்தைத் தாங்கும். மெல்லிய ட்ரே என்றால் உருண்டைகளைத் தனித் தட்டில் குளிரவைத்துக் கடைசியில் மாற்றுங்கள்.

இரண்டு ட்ரேயை மேலும் கீழும் ஒரே நேரத்தில் வைக்கலாமா?

ஃபேன் இல்லாத ஓ.டி.ஜி.யில் வேண்டாம். மேல் ட்ரேக்குக் கீழ்ச் சூடும், கீழ் ட்ரேக்கு மேல் சூடும் போய்ச் சேராது. ஃபேன் இருந்தாலும் பாதி நேரத்தில் இரண்டையும் இடம் மாற்றி, முன்-பின் திருப்பி வைக்க வேண்டும்.

இரண்டு ட்ரே வாங்குவது மட்டும் நல்ல யோசனை. ஒன்று அடுப்பில் இருக்கும்போது இன்னொன்று ஆறும், அதில் அடுத்த ஈட்டை வைக்கலாம். கூடவே ஒரு கம்பி வலை. ட்ரேயிலேயே ஆறவிட்டால் அடி வியர்த்து நமத்துவிடும்.

மைக்ரோவேவ் கன்வெக்‌ஷனில் என்ன ட்ரே?

இங்கே நாங்கள் மேலே சொன்னதில் ஒன்று தலைகீழாகும். இந்த அடுப்புகளில் பெரும்பாலும் கீழே கம்பி கிடையாது. சூடு பின்னாலிருந்தோ மேலிருந்தோ காற்றாக வரும். அதனால் அடி வெளிறுவதுதான் இங்கே வழக்கமான புகார். அதற்குக் கருப்பு ட்ரேயும், துளையிட்ட ட்ரேயும் உதவும்.

சுழலும் தட்டு இருப்பதால் வட்ட ட்ரே வாங்குங்கள். சுழலும்போது எந்தச் சுவரையும் தொடாத விட்டம். பீட்சா பான் நன்றாகப் பொருந்தும். கண்ணாடித் தட்டின் மேல் நேராக வைக்காமல் அடுப்போடு வந்த குட்டையான கம்பி ஸ்டாண்டின் மேல் வையுங்கள். வெறும் கன்வெக்‌ஷன் முறையில் மட்டும்தான் உலோக ட்ரே. மைக்ரோவேவ் கலந்த காம்பினேஷன் முறையில், கையேட்டில் தெளிவாக அனுமதித்திருந்தால் ஒழிய, வைக்காதீர்கள், பொறி பறக்கும்.

குக்கரில், கடாயில் சுடுபவர்களுக்கு?

சூடு முழுக்கக் கீழிருந்துதான் வருகிறது என்பதால் தட்டின் நிறமும் தடிமனும் இங்கே இன்னும் முக்கியம். பாத்திரத்தின் உள்சுவருக்கும் தட்டுக்கும் சுற்றிலும் இரண்டு செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சூடு மேலே ஏறாது. அடியில் இரண்டு செ.மீ. உப்பு அல்லது மணல், அதன் மேல் ஸ்டாண்ட், அதன் மேல் கனமான அலுமினியத் தட்டு. கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். பத்து நிமிடம் முன்சூடு, பிறகு சிறு தீ. அடி இன்னும் சிவந்தால் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு. மேல்பக்கம் பொன்னிறமாகும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். அது வெளிறித்தான் இருக்கும். காத்திருந்தால் அடி போய்விடும்.

தகரப் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. கடை ட்ரே எதுவும் உங்கள் அடுப்புக்குப் பொருந்தவில்லை என்றால் இதுவே சிறந்த வழி. 1 அல்லது 1.2 மி.மீ. அலுமினியத் தகடு, நான்கு பக்கமும் 1.5 செ.மீ. மடிப்பு, மேல் ஓரத்தைச் சுருட்டி மழுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மூலைகளை வெட்டிவிடாமல் மடித்துத் தரச் சொன்னால் வெண்ணெய் ஒழுகாது. ஜி.ஐ. தகடு வேண்டவே வேண்டாம். அதன் மேலிருப்பது துத்தநாகப் பூச்சு, உணவுக்கானது இல்லை. பேக்கரிகளில் பார்க்கும் கருப்பு இரும்புத் தகடு நாள் முழுக்க எண்ணெய் பட்டு, சூட்டிலேயே இருப்பதால் துருப்பிடிக்காமல் நிற்கிறது. வாரம் ஒரு நாள் சுடும் வீட்டில், அதுவும் கடலோர ஊரில், அதைப் பராமரிப்பது பெரும்பாடு.

தூத்துக்குடி மக்ரூனுக்கு இதே ட்ரே ஆகுமா?

ஆகும், பேப்பர் கட்டாயம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி சேர்ந்த கலவை அது. சுடுவதை விட உலர்த்துவதுதான் வேலை. 100-110 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கருப்பு ட்ரே என்றால் அடி பழுப்பேறி வெள்ளை நிறம் கெடும். எண்ணெய்ப் பசை நுரையின் எதிரி என்பதால் ட்ரேயைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே பேப்பரை விரியுங்கள்.

எப்படிக் கழுவுவது? கறை படிந்தால்?

புது ட்ரேயில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு முறை கழுவி, பத்து நிமிடம் அடுப்பில் காய வையுங்கள். நான்ஸ்டிக் என்றால் கழுவித் துடைத்தால் போதும்.

பூச்சில்லாத அலுமினியத்தை டிஷ்வாஷரில் போட்டால் மங்கிக் கருக்கும். சலவைச் சோடாவும் அப்படியே. கறை கெட்டியாக இருந்தால் சோடா உப்பைக் குழைத்துத் தடவி ஐந்து நிமிடத்தில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இரவு முழுக்க ஊறப் போட்டால் அந்த இடமே கருத்துவிடும். கருத்துப்போனதைப் புளித்தண்ணீர் மீட்கும், பாட்டி காலத்து வழிதான். நான்ஸ்டிக்குக்குப் பச்சை நாரும் கம்பி நாரும் கூடாது. இரும்பு ட்ரே என்றால் துணியால் துடைத்ததும் அணைத்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ஐந்து நிமிடம் வையுங்கள். விளிம்பின் சுருளுக்குள் நிற்கும் தண்ணீர்தான் முதலில் துருவைக் கொண்டுவரும்.

மேலே படியும் லேசான பழுப்பு நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது கெடுதல் செய்யாது. ஆனால் வருடக் கணக்கில் அது ஏறிக் கரும்பழுப்பானால் ட்ரே கருப்பு ட்ரே போலவே நடந்துகொள்ளும். பழைய நேரக் கணக்கில் சுட்டால் அடி சிவக்கும். அப்போது சூட்டைப் பத்துப் பதினைந்து டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த ட்ரேயை வேர்க்கடலை வறுக்க ஒதுக்கிவிட்டுப் பிஸ்கட்டுக்குப் புதிது வாங்குங்கள்.